வெள்ளம் வடிந்த வருஷத்தில் ஸ்தோத்திரம் சொல்லியே ஆக வேண்டுமா?

6 ஜனவரி 2025 – கேள்வி (புதுச்சேரி வாசகி)

ரெயின்போ நகர் பக்கம் சின்னதாக ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஃபெஞ்சல் புயல் அன்று கடைக்குள் இடுப்பளவு தண்ணீர். இரண்டு மெஷினும் போச்சு. பேப்பர் கட்டெல்லாம் கூழாகிவிட்டது. ஒரு மெஷினுக்கு இன்னும் தவணை பாக்கி. டிசம்பர் 31 இரவு ஆராதனையில், "இந்த வருஷம் கர்த்தர் செய்த நன்மைகளுக்காக எல்லாரும் எழுந்து நின்று ஸ்தோத்திரம் சொல்லுங்கள்" என்றார்கள். நான் எழுந்திருக்கவில்லை. வேண்டுமென்று செய்யவில்லை, கால் வரவில்லை. பக்கத்திலிருந்த அக்கா தோளைத் தட்டி, "உயிரோட இருக்கோமே, அதுக்காவது சொல்லு" என்றார். அன்றிலிருந்து உறுத்திக்கொண்டே இருக்கிறது. மனசில் வராத நன்றியை வாயால் சொன்னால் அது பொய் இல்லையா? சொல்லாமல் உட்கார்ந்திருந்தது பாவமா?

7 ஜனவரி 2025, இரவு – பதில்

பாவம் இல்லை, சகோதரி. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம்.

வேதாகமத்தில் சங்கீதங்கள் என்ற பாட்டுகள் 150. கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு புலம்பல்தான். அவற்றில் பெரும்பாலானவை அழுது தீர்த்துவிட்டுக் கடைசியில் துதிக்குத் திரும்பும். 88ஆம் சங்கீதம் மட்டும் திரும்பவே திரும்பாது. இரவும் பகலும் கூப்பிடுகிறேன், ஏன் முகத்தை மறைக்கிறீர் என்று கேட்டுக்கொண்டே போய், சிநேகிதரும் தோழரும் விலகிப்போன இருட்டில் நின்றுவிடும். "ஆனாலும் ஸ்தோத்திரம்" என்று ஒரு வரி கிடையாது. அதையும் தேவாலயப் பாட்டுப் புத்தகத்தில் சேர்த்து, பாடவும் வைத்தார்கள். நீங்கள் அன்றைக்கு உட்கார்ந்திருந்த இருக்கைக்கு வேதத்தில் இடம் இருக்கிறது.

நான் கடலூர் முதுநகர். எங்கள் லுத்தரன் சபையில் ரொம்ப வருஷம் பொருளாளராக இருந்தேன். ஸ்தோத்திரக் காணிக்கைக் கவர்களைப் பிரிப்பது, பெயரையும் காரணத்தையும் ஆராதனையில் வாசிப்பது எல்லாம் என் வேலை. பிறந்த நாள், திருமண நாள், மகனுக்கு வேலை, மகளுக்குச் சுகப்பிரசவம், ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, வீடு கட்டி முடித்தது: வருஷம் முழுக்க இவ்வளவுதான் காரணம். நல்லது நடந்தால் என்ன எழுத வேண்டும் என்று எங்கள் ஜனத்துக்குத் தெரியும். கடை மூழ்கினால் என்ன எழுதுவது என்று ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அதனால்தான் அந்த அக்காவுக்கும் "உயிரோட இருக்கோமே" என்பதைத் தவிர வேறு வார்த்தை கிடைக்கவில்லை. அவர் மேல் வருத்தப்பட வேண்டாம். அன்பில் சொன்னதுதான்.

8 ஜனவரி 2025

"யோபு எல்லாவற்றையும் இழந்தும் கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார் என்று ஸ்தோத்திரம் சொல்லவில்லையா" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சொன்னார். அது முதல் அதிகாரம். வேதாகமத்தில் யோபு புத்தகத்துக்கு 42 அதிகாரம். மூன்றாம் அதிகாரத்தில் அதே மனுஷன் தான் பிறந்த நாளைச் சபிக்கிறார். அதிலிருந்து பக்கம் பக்கமாகக் கடவுளோடு வழக்காடுகிறார். கடைசியில் கடவுள் கோபித்துக்கொண்டது யோபுவிடம் இல்லை, அவருக்கு அறிவுரை சொன்ன மூன்று சிநேகிதர்களிடம்தான்.

அந்த மூன்று பேரும் உருப்படியாகச் செய்தது ஒன்று உண்டு. வந்தவுடன் ஏழு நாள் வாய் திறக்காமல் தரையில் கூட உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது.

11 ஜனவரி 2025

அடுத்து, சிறையிலும் பாடின அப்போஸ்தலர் பவுலையும் அவர் கூட்டாளி சீலாவையும் யாராவது எடுத்துக் காட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன், காட்டிவிட்டார்கள். பிலிப்பி சிறையில் நடுராத்திரி இருவரும் பாடினது உண்மை. முதுகில் அடி வாங்கின காயத்தோடு, காலில் தொழுமரத்தோடு பாடினார்கள். அதில் எனக்குப் பிடித்த விஷயம், அவர்களை யாரும் எழுந்து நின்று பாடச் சொல்லவில்லை என்பது. வலித்த வாயிலிருந்து அதுவாக வந்தது. மற்றக் கைதிகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்குள் தண்ணீர் வராத ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் வந்தவரைப் பார்த்து "பாடு" என்று சொல்வதற்கு இந்த வசனத்தை எடுப்பது சரியில்லை.

12 ஜனவரி 2025, ஞாயிறு

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். இருபது வருஷம் ஆகிவிட்டதால் எழுதுகிறேன்.

2004 டிசம்பர் 26ம் ஞாயிற்றுக்கிழமைதான். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் என்பதால் காலை ஆராதனைக்குக் கூட்டம் குறைவு. பாதி ஆராதனையில் வெளியே சத்தம். "கடல் ஊருக்குள்ள வந்துடுச்சு" என்று தெருவில் ஓடுகிறார்கள். யாருக்கும் புரியவில்லை. சுனாமி என்ற சொல்லையே எங்களில் பலர் அன்று சாயங்காலம்தான் கேட்டோம். தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு, சோனாங்குப்பம், தெற்கே சாமியார்பேட்டை, புதுப்பேட்டை வரை போய்விட்டது. கடலூர் மாவட்டத்தில் மட்டும் அறுநூறு பேருக்கு மேல். அதில் பிள்ளைகளும் பெண்களும் அதிகம். எங்கள் பள்ளிக்கூட வகுப்பறைகளைத் திறந்துவிட்டோம். பெஞ்சுகளை வெளியே எடுத்துப் போட்டுப் பாய் விரித்தோம்.

அடுத்த ஞாயிறு, புது வருஷத்து ஆராதனை. சாட்சி சொல்லும் நேரத்தில் ஒரு குடும்பம் முன்னால் வந்தது. ஊரிலிருந்து வந்திருந்த விருந்தாளிகளோடு அன்று காலை சில்வர் பீச்சுக்குப் போவதாக இருந்தார்களாம். பிள்ளைகள் நேரம் கழித்து எழுந்ததால் கிளம்பத் தாமதமாயிற்று, பிழைத்தார்கள். "கர்த்தர் எங்கள் பிள்ளைகளைத் தூங்க வைத்துக் காப்பாற்றினார்" என்று அந்தத் தகப்பன் அழுதுகொண்டே சொன்னார். சபையே அல்லேலூயா என்றது. நானும்தான்.

பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த குப்பத்துப் பெண்கள் சிலர் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். சாமி கும்பிடுகிற இடம் என்று வந்து உட்கார்ந்தவர்கள், கிறிஸ்தவர்கள் இல்லை. மத்தியானம் சாப்பாடு போடும்போது அவர்களில் ஒரு பெண் தட்டை நீட்டிக்கொண்டே கேட்டாள்: "அவங்க புள்ளைங்கள தூங்க வச்ச சாமி எம்புள்ளைய ஏன் கடலாண்ட வெளையாட உட்டுச்சி?" கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். சாம்பார் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கும் தெரியவில்லை, சோறு போட்டுக்கொண்டிருந்த உபதேசியார் மனைவிக்கும் தெரியவில்லை.

அந்தக் குடும்பத்தைக் குறை சொல்ல மாட்டேன். பிள்ளை பிழைத்த தகப்பன் வாயில் வேறென்ன வரும்? சபை அதை எங்கே, யார் காதுபடச் சொல்ல வைத்தது என்பதுதான் என் கேள்வி. ஒருவர் பிழைத்ததைக் கடவுளின் தயவு என்று மைக்கில் சொன்னால், பிழைக்காதவரைப் பற்றியும் ஏதோ சொல்லிவிடுகிறோம். சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகளா என்று இயேசு கேட்டார், இல்லை என்று அவரே பதிலும் சொன்னார். லூக்கா 13. அதே லூக்காவில் 18ஆம் அதிகாரத்தில் பரிசேயன் தேவாலயத்தில் நின்று சொன்னதும் ஸ்தோத்திரம்தான்: மற்றவர்களைப்போல நான் இல்லை, அதனால் உமக்கு ஸ்தோத்திரம். அடுத்தவனைப் பக்கத்தில் நிற்கவைத்து அளந்து பார்த்துச் சொன்ன நன்றியை இயேசு ஏற்றுக்கொள்ளவில்லை.

13 ஜனவரி 2025

சுனாமியில் வேளாங்கண்ணி மாதா கோயில் தப்பியதே, அது அற்புதம் இல்லையா என்று கேட்டிருந்தார்கள். கோயிலுக்குள் தண்ணீர் நுழையவில்லை, பூசையில் இருந்தவர்கள் தப்பித்தார்கள் என்பது உண்மை. ஆனால் அதே காலை, அதே ஊரில், கடற்கரையிலும் கடைத்தெருவிலும் செத்தவர்களில் எத்தனையோ பேர் அதே மாதாவைப் பார்க்க வந்த யாத்திரிகர்கள்தான். கன்னியாகுமரிப் பக்கம் குளச்சல், கொட்டில்பாடு எல்லாம் தலைமுறை தலைமுறையாகக் கிறிஸ்தவக் கடற்கரை. அங்கே குழி வெட்ட ஆள் போதவில்லை. விசுவாசித்தவனைக் கடல் தொடாது என்று சாட்சி சொல்லுகிறவர், கொட்டில்பாட்டில் போய் நின்று அதைச் சொல்லிப் பார்க்கட்டும்.

இதை எழுதும்போது கை கொஞ்சம் வேகமாகப் போகிறது. நாளைக்குப் பொங்கல், நிறுத்திக்கொள்கிறேன்.

19 ஜனவரி 2025

பொங்கலுக்கு வந்த மைத்துனன் இந்த இழையைப் படித்துவிட்டு, "ஏன் மாமா, நம்ம ஊர்ல மட்டும் எல்லாக் கஷ்டமும் கிறிஸ்துமஸ் சமயத்துலதான் வருமா?" என்று கேட்டான். யோசித்துப் பார்த்தால் சரிதான். சுனாமி 2004 டிசம்பர் 26. தானே புயல் 2011 டிசம்பர் 30. பெருவெள்ளம் 2015 நவம்பர், டிசம்பர். ஃபெஞ்சல் கரையைக் கடந்தது 2024 நவம்பர் 30 ராத்திரி, விடிந்தால் கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகிற ஆகமன காலத்தின் முதல் ஞாயிறு. சுனாமி பூகம்பத்தால் வந்தது, அதை விட்டுவிடலாம். மற்றதெல்லாம் வடகிழக்குப் பருவமழை. எங்கள் கடற்கரைக்குப் புயல் மாதமும் கிறிஸ்துமஸ் பஜனை போகிற மாதமும் ஒன்றுதான். காகித நட்சத்திரம் நனையாத கிறிஸ்துமஸை நான் அதிகம் பார்த்ததில்லை. அதனால்தான் வருஷக் கடைசி ஸ்தோத்திர ஆராதனை எங்களுக்கு எப்போதும் கொஞ்சம் கடினம். ஏப்ரலில் வைத்தால் எல்லாருக்கும் சொல்ல நன்மை இருக்கும் என்றான் மைத்துனன். எல்லாரும் சிரித்தோம்.

அப்புறம் ஒரு கவர். இந்த டிசம்பரில் வந்தது. இப்போது பொருளாளராக இருக்கும் தம்பி என்னிடம் காட்டி என்ன செய்வது என்று கேட்டான். சாத்தனூர் அணையைத் திறந்து தென்பெண்ணை பொங்கி வந்ததே, அதில் குண்டு உப்பலவாடிப் பக்கம் வீடு மூழ்கிய ஒரு பாட்டி. அரசாங்கம் குடும்பத்துக்கு 2000 ரூபாய் நிவாரணம் கொடுத்தது. அதிலிருந்து 200 ரூபாயைக் கவரில் போட்டிருக்கிறார். காரணம் என்ற இடத்தில் பேத்தியை விட்டு எழுதச் சொல்லியிருக்கிறார்: "தண்ணி வடிஞ்சதுக்கு."

திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றான் தம்பி. போதகர் வேண்டாம் என்றார். கொடுப்பது அந்த அம்மாவின் உரிமை, அதைத் தட்டிப் பறிக்க நமக்கு அதிகாரமில்லை, ஆனால் கவரை வாங்கிக்கொண்டு சும்மா இருக்கவும் கூடாது என்றார். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் அடுப்பு போயிருந்தது, அரிசி டப்பா போயிருந்தது, கட்டில் கால் உப்பிப் பிளந்திருந்தது. சபை அடுப்பு வாங்கிக் கொடுத்தது.

புதுச்சேரி சகோதரி, இதை உங்களுக்கு எதிராகச் சொல்லவில்லை. "பாட்டி கொடுத்தாரே, உனக்கென்ன" என்று யாராவது இதை உங்களிடம் தூக்கிக் காட்டினால், மறுபடியும் பரிசேயன் கதைதான். பாட்டியின் நன்றி பாட்டியுடையது. ஆனால் அதில் ஒன்றைக் கவனித்தேன். வெள்ளம் வந்ததற்கு அவர் நன்றி சொல்லவில்லை. எல்லாம் நன்மைக்கே என்றும் சொல்லவில்லை. வடிந்ததற்கு மட்டும்தான் சொன்னார். அளவு மீறாமல், நடந்ததை நடந்தபடி.

2 பிப்ரவரி 2025

தானே புயலைப் பற்றி எழுதச் சொல்லி மூன்று நான்கு பேர் கேட்டுவிட்டார்கள்.

2011 டிசம்பர் 30 விடியற்காலை கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியது. விடிந்து வெளியே வந்தால் நிழல் என்ற ஒன்றே ஊரில் இல்லை. மின்கம்பங்கள் வரிசையாக மடங்கிக் கிடந்தன. கரண்ட் இல்லை, மோட்டார் ஓடவில்லை, குடிக்கத் தண்ணீர் இல்லை. செல்போன் சார்ஜ் போட ஜெனரேட்டர் வைத்தவரிடம் காசு கொடுத்து வரிசையில் நின்றோம். ஆனால் உண்மையான அடி மேற்கே பண்ருட்டிப் பக்கம் விழுந்தது. முந்திரியும் பலாவும் தோப்புத் தோப்பாக வேரோடு சாய்ந்துவிட்டன. நெல் போனால் அடுத்த பட்டம் இருக்கிறது. முந்திரி ஒட்டுக்கன்று வைத்தால்கூட மூன்று நான்கு வருஷம் பொறுக்க வேண்டும். பாட்டன் வைத்த பலா மறுபடி அந்த அளவுக்குக் காய்க்க ஒரு தலைமுறை வேண்டும்.

மறுநாள் ராத்திரி வருஷ முடிவு ஆராதனை. மைக் கிடையாது. பெட்ரோமாக்ஸ் விளக்கு ஒன்று, மெழுகுவத்திகள். அப்போதிருந்த போதகர் பிரசங்கம் எழுதி வைத்திருந்ததை மடித்து வைத்துவிட்டு ஆபகூக் தீர்க்கதரிசியின் புத்தகத்தில் மூன்றாம் அதிகாரத்தை வாசித்தார். "அத்திமரம் துளிர்விடாமற்போனாலும்" என்று தொடங்கும் பகுதி. திராட்சை, ஒலிவம், வயல், ஆட்டுக்கிடை, மாட்டுத் தொழுவம் என்று ஒவ்வொன்றாகப் போகும். வாசித்துவிட்டு விளக்கம் எதுவும் சொல்லவில்லை. "உங்களுக்கு என்னென்ன போச்சு, சொல்லுங்க" என்றார். ஒருவர் மரம் எத்தனை என்றார். ஒருவர் ஓடு என்றார், ஒருவர் பசு என்றார். ஒரு பெண் தையல் மெஷின் என்றார். கால் மணி நேரத்துக்கு மேல் போயிற்று. அதற்குப் பிறகுதான் "நான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன்" என்ற அடுத்த வசனத்தை வாசித்தார். அதையும் எங்களைத் திருப்பிச் சொல்லச் சொல்லவில்லை, அவர் மட்டுமே வாசித்தார்.

ஆராதனை முடிந்து வாசலில் நிற்கும்போது பண்ருட்டிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "ஆபகூக்கு தோப்பு வச்சிருந்தாரா?" தெரியாது என்றேன். "இல்ல, தோப்புக்காரர் மாதிரிதான் பேசறாரு" என்றார்.

பின்னால் கிராம நிர்வாக அலுவலர் வீடு வீடாகச் சேதக் கணக்கு எழுத வந்தபோது ஆபகூக்தான் ஞாபகத்துக்கு வந்தார். அவரும் அதைத்தான் செய்கிறார், கடவுள் முன்னால் சேதப் பட்டியலை ஒன்றுவிடாமல் படிக்கிறார். எதையும் குறைத்துச் சொல்லவில்லை. புத்தகத்தின் ஆரம்பமே, எதுவரைக்கும் கூப்பிடுவேன், நீர் கேட்கவில்லையே என்ற முறையீடுதான். அந்த முறையீட்டைத் தாண்டி, பட்டியலையும் படித்து முடித்துத்தான் மகிழ்ச்சிக்கு வருகிறார். எங்கள் சபைகள் முதல் இரண்டையும் விட்டுவிட்டு மூன்றாவதைக் கேட்கின்றன.

9 பிப்ரவரி 2025 – புதுச்சேரி வாசகி

எல்லாவற்றையும் படித்தேன். கடை திறந்துவிட்டேன். ஒரு மெஷினை மெக்கானிக் தம்பி பிரித்துக் காயவைத்து, கூலி அப்புறம் பார்த்துக்கலாம் என்று ஓட வைத்துக் கொடுத்தான். புதுவை அரசு ரேஷன் கார்டுக்குக் கொடுத்த 5000 ரூபாயைப் பேப்பர் வாங்கப் போட்டேன். எதிர் மாடியில் இருக்கும் முஸ்லிம் அம்மா அந்த ராத்திரி எங்களை மேலே ஏற்றிக்கொண்டு இரண்டு நாள் சோறு போட்டார். இவர்களுக்கெல்லாம் நன்றி சொல்ல மனசு துடிக்கிறது, கண்ணில் தண்ணீர் வருகிறது. கடவுளிடம் போய் நின்றால் மட்டும் வாய் அடைத்துக்கொள்கிறது. இது என்ன நிலைமை?

10 பிப்ரவரி 2025

நல்ல நிலைமை என்றுதான் எனக்குப் படுகிறது, சகோதரி. ஏன் என்று சொல்ல என் வீட்டுக் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

என் மனைவிக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. புதுச்சேரி ஜிப்மரில் வைத்தியம். இருட்டோடு கடலூரில் பஸ் ஏறி, புதுவை பஸ் ஸ்டாண்டில் இறங்கி, வேறு பஸ் பிடித்துக் கோரிமேடு போனால், நமக்கு முன்னால் விழுப்புரம், திருவண்ணாமலை, கள்ளக்குறிச்சி எல்லாம் வந்து வரிசையில் உட்கார்ந்திருக்கும். கீமோ ஏறும் வரை மரத்தடியில் காத்திருப்பேன். அந்த நாட்களில் வீட்டுக்கு ஜெபிக்க வந்தவர்கள் நிறைய. வெளியூரிலிருந்து வந்த ஊழியக்காரர் ஒருவர், "நீங்கள் முழு இருதயத்தோடு ஸ்தோத்திரம் பண்ணவில்லை, அதனால்தான் சுகம் தாமதமாகிறது" என்று அவளிடமே சொல்லிவிட்டுப் போனார். தலையில் முடி இல்லாமல், வாயெல்லாம் புண்ணாக, தண்ணீர் விழுங்க முடியாமல் படுத்திருந்தவளிடம். அன்று முழுக்க அவள் ஒன்றும் பேசவில்லை. நன்றியைக் கொடுத்துச் சுகத்தை வாங்குகிற வியாபாரமாக ஆக்கினால், சுகம் வராதவர்கள் எல்லாம் கடன்காரர்கள் ஆகிவிடுகிறார்கள். எனக்கு இன்றைக்கும் அந்த மனுஷன் மேல் கோபம் தீரவில்லை.

அந்தச் சமயத்தில் அவளுக்கு ஜெபம் வரவில்லை. உங்களைப் போலத்தான். ஆனால் பஸ்ஸில் இடம் கொடுத்த பையனுக்கு நன்றி சொல்வாள். ஊசி குத்த நரம்பு கிடைக்காமல் தடவித் தடவிப் பார்த்து, வலிக்காமல் போட்ட நர்ஸம்மாவின் கையைப் பிடித்துக்கொள்வாள். வார்டு கூட்ட வரும் அம்மாவின் பிள்ளை என்ன படிக்கிறது என்று கேட்டுத் தெரிந்துவைத்திருந்தாள். ராத்திரி இவர்களைப் பற்றித்தான் என்னிடம் பேசுவாள். ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது, அவள் கடவுளிடம் போகாமல் இல்லை, இந்த வழியாகப் போய்க்கொண்டிருந்தாள் என்று. பிலிப்பியருக்கு எழுதின நிருபத்தைப் பாருங்கள். பவுல் காவலில் இருக்கிறார், பிலிப்பி சபை அனுப்பின உதவியை எப்பாப்பிரோதீத்து கொண்டுவருகிறார். அந்தக் கடிதத்தில் மனிதருக்குச் சொல்லும் நன்றியும் கடவுளுக்குச் சொல்லும் நன்றியும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும்.

அவள் இப்போது நன்றாக இருக்கிறாள். ரிப்போர்ட் நல்லபடியாக வந்த ஞாயிறு ஸ்தோத்திரக் காணிக்கைக் கவர் கேட்டாள். பெயர் எழுதினாள், தொகை எழுதினாள், காரணம் என்ற கோட்டை அப்படியே விட்டுவிட்டாள். ஏன் என்று கேட்டேன். கீமோவுக்கு அதே நாளில் வரும் பண்ருட்டிப் பக்கத்துப் பெண் ஒருவர், இரண்டு பேரும் ஒரே டப்பாவில் தயிர்சாதம் சாப்பிடுவார்கள், அவரும் ஜெபித்தவர்தான். அந்த மாதம் இறந்துபோயிருந்தார். "நான் பிழைச்சதுக்குன்னு எழுதினா அவ மக காதுல அது எப்படி விழும்?" என்றாள். அந்த மகள் எங்கள் சபையே இல்லை, அந்தக் கவரை ஒருநாளும் பார்க்கப் போவதில்லை. இருந்தாலும் எழுதவில்லை. நான் ஆராதனையில் பெயரை மட்டும் வாசித்துவிட்டு அடுத்த கவருக்குப் போனேன்.

ஆகவே மெக்கானிக் தம்பிக்கும் எதிர் மாடி அம்மாவுக்கும் நன்றாக, வாய் நிறைய நன்றி சொல்லுங்கள். கூலி பாக்கியைச் சீக்கிரம் கொடுங்கள். மற்றது மெதுவாக நடக்கட்டும்.

5 மார்ச் 2025, சாம்பல் புதன்

லெந்து என்கிற தவக்காலம் தொடங்கிவிட்டது. இவ்வளவு நாள் எழுதினதைத் திரும்பப் படித்தேன். ஒரு பக்கமாகவே அழுத்திவிட்டேனோ என்று ஒரு யோசனை.

வற்புறுத்தி வாங்குகிற நன்றி வேண்டாம் என்றேன். அதில் மாற்றமில்லை. ஆனால் மனசு வந்தால்தான் சொல்வேன் என்று காத்திருந்தால், சிலருக்கு அது வராமலே போய்விடும். எனக்குத் தெரிந்த ஒருவர் தானேயில் தோப்பை இழந்து, அந்தக் கசப்பிலேயே உறைந்து போனார். அவரிடம் யாரும் எதையும் வற்புறுத்தவில்லை. அவரை விட்டுவிட்டோம், அவ்வளவுதான். அதுவும் சபையின் குற்றம்தான்.

மார்ட்டின் ரிங்கார்ட் என்று ஒரு லுத்தரன் போதகர், ஜெர்மனியில் ஐலன்பர்க் என்ற ஊர். முப்பதாண்டுப் போர்க் காலம். 1637இல் ஊருக்குள் கொள்ளைநோய். மற்றப் போதகர்கள் போய்விட்டார்கள், இறந்தார்கள். நாலாயிரம் பேருக்கு மேல் இவர் ஒருவரே அடக்க ஆராதனை நடத்தினார் என்பார்கள். அந்த வருஷம் மனைவியையும் அடக்கம் பண்ணினார். உலகம் முழுக்க லுத்தரன் சபைகள் இன்றும் பாடுகிற பெரிய நன்றிப் பாட்டு ஒன்று அவருடையது. பிணங்களுக்கு நடுவில் உட்கார்ந்து அதை எழுதினார் என்று பிரசங்கங்களில் சொல்வதுண்டு. அப்படியில்லை. கொள்ளைநோய்க்கு முன்பே, வீட்டில் சாப்பாட்டு மேஜையில் சொல்லும் சின்ன ஜெபமாக வந்தது அது. கத்தோலிக்க வேதாகமத்தில் இருக்கும் சீராக்கின் ஞானம் 50ஆம் அதிகாரத்திலிருந்து எடுத்த வரிகள்.

எனக்கு இந்த இரண்டாவது கதைதான் பெரிதாகத் தெரிகிறது. ரொட்டி இருந்த நாளில் தினமும் சொல்லிப் பழகின ஜெபம், ரொட்டி இல்லாத வருஷத்திலும் அந்த வீட்டு நாக்கில் இருந்தது. அன்றைக்கென்று புதிதாக உணர்ச்சியைத் தேட வேண்டியிருக்கவில்லை.

வில்லியனூரிலிருந்து எழுதும் கத்தோலிக்க நண்பர் சொன்னதையும் இதோடு சேர்த்துக்கொள்கிறேன். பூசையில் குருவானவர் இறைவனுக்கு நன்றி கூற அழைக்கும்போது, எல்லாரும் "அது தகுதியும் நீதியும் ஆனதே" என்பார்கள். கல்யாணப் பூசையிலும் அதே, அடக்கப் பூசையிலும் அதே. அவர் அப்பாவின் அடக்கத்தன்று அவரால் வாயைத் திறக்க முடியவில்லையாம். சுற்றி நின்றவர்கள் சொன்னார்கள். "எனக்காகவும் சேர்த்துச் சொன்ன மாதிரி இருந்தது" என்று எழுதியிருந்தார். சகோதரி, டிசம்பர் 31 ராத்திரி உங்களுக்கு வேண்டியிருந்தது இதுதான் என்று நினைக்கிறேன். எழுந்திருக்க முடியாதவர் உட்கார்ந்திருக்கட்டும், அவருக்கும் சேர்த்து நாங்கள் நிற்கிறோம் என்று யாராவது சொல்லியிருக்கலாம்.

9 ஏப்ரல் 2025

இன்றோடு டீட்ரிச் போன்ஹோஃபர் தூக்கிலிடப்பட்டு 80 வருஷம். ஹிட்லரை எதிர்த்த லுத்தரன் போதகர். சிறையிலிருந்து 1943 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் எழுதிய கடிதத்தில் ஒரு கருத்து. நமக்கு அருமையானவர் இல்லாத வெற்றிடத்தைக் கடவுள் நிரப்பிவிடுவார் என்று சொல்வது தவறு, கடவுள் அதை நிரப்புவதில்லை, வெறுமையாகவே விட்டுவைக்கிறார், அப்படித்தான் வலியோடாவது உறவு நிலைக்கிறது என்கிறார். நன்றி என்பதோ அந்த நினைவின் வேதனையை அமைதியான சந்தோஷமாக மாற்றுகிறதாம்.

மகனை விபத்தில் இழந்த நெல்லிக்குப்பத்து வாசகர், இனி எதற்கு நன்றி சொல்வது என்று போன மாதம் கேட்டிருந்தாரே, அவருக்காக இதை எழுதினேன். உங்கள் மகன் இருந்த பத்தொன்பது வருஷத்துக்கு நன்றி சொல்லலாம். போனதற்குச் சொல்ல வேண்டாம். யார் சொல்லச் சொன்னாலும் வேண்டாம்.

17 ஏப்ரல் 2025, பெரிய வியாழன்

இப்போதுதான் திருவிருந்து முடிந்து வந்தேன். காட்டிக்கொடுக்கப்பட்ட அன்று இராத்திரி அப்பத்தை எடுத்து ஸ்தோத்திரம்பண்ணினார் என்று போதகர் வாசிக்கும்போது, இந்த இழை முழுக்க நினைவுக்கு வந்தது. சாப்பிட்டு முடித்துப் பாட்டும் பாடிவிட்டுத்தான் ஒலிவமலைக்குப் போகிறார்கள். போனவுடன், என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கம் கொண்டிருக்கிறது என்கிறார். ஒரே ராத்திரி. நன்றி சொன்னவர்தான் அழுததும். நன்றி சொல்லிவிட்டீரே, அப்புறம் ஏன் இந்த அழுகை என்று சீஷர்களில் ஒருவரும் கேட்கவில்லை. அவர்கள் தூங்கிப்போனார்கள், அது வேறு விஷயம்.

22 ஜூன் 2025

புதுச்சேரி சகோதரி தனியாக எழுதிக் கேட்டிருந்தார்: "டிசம்பர் வந்தால் மறுபடி எழுந்து நிற்கச் சொல்வார்களே, என்ன செய்வது?"

டிசம்பர் வரை காத்திருக்க வேண்டாம். இப்போதே உங்கள் ஆயரைப் போய்ப் பாருங்கள். நவம்பருக்கு மேல் அவர்களுக்குத் தலைக்கு மேல் வேலை, காதில் ஏறாது. இரவு ஆராதனையில் ஸ்தோத்திரத்துக்கு முன்னால், அந்த வருஷம் இழந்ததைச் சொல்ல ஒரு பத்து நிமிஷம் கேளுங்கள். மைக்கில் சொல்ல வேண்டியதில்லை, துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தால் அவர் பெயரில்லாமல் வாசிக்கலாம். எங்கள் சபையில் இரண்டு வருஷமாக அப்படித்தான் செய்கிறோம். முதல் வருஷம் சீட்டு குறைவாக வந்தது, போன டிசம்பரில் தட்டு நிறைய வந்தது. நேரம் இழுக்கிறது என்று சிலருக்கு முணுமுணுப்பு உண்டு, அதையும் அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஆயர் மறுத்தால் சண்டை போடாதீர்கள், கமிட்டியில் யாராவது ஒருவரைப் பிடியுங்கள். போகும்போது தனியாகப் போகாமல், வெள்ளத்தில் பாதிக்கப்பட்ட இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போங்கள். தோளைத் தட்டினாரே அந்த அக்கா, அவரையும் கேட்டுப் பாருங்கள், அநேகமாக வருவார்.